"பட்டாளத்துல ஓடின துப்பாக்கி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு": சுடுபயிற்சிச் சங்கத்து மூத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுடுபயிற்சிச் சங்கங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், புதிதாக வருகிறவர்களுக்கு எதை வாங்கலாம் என்று வழிசொல்லும் மூத்தவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ராணுவத்தில் இருந்தவன் அல்ல. பதக்கம் வாங்கியவனும் அல்ல. உங்களில் ஒருவர் சொன்ன பேச்சைக் கேட்டு, முறைப்படி உரிமம் எடுத்து, ஒரு பழைய ராணுவக் கைத்துப்பாக்கியை வாங்கி, அதைப் பாதி ஆசையோடும் பாதி பயத்தோடும் வைத்திருக்கும் சாதாரண உறுப்பினன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தின் மேல்தான் கோபம். தலைப்பில் இருப்பது அதுதான்.

நான் வாங்கியது வால்தர் பி38. ஜெர்மன் ராணுவம் 1938-ல் எடுத்துக்கொண்ட மாடல். என்னுடையது போர்க்காலத்தில் செய்தது. ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) மேல் அரத்தின் கோடுகள் இன்னும் தெரியும், அவ்வளவு அவசரத்தில் செய்திருக்கிறார்கள். பிடியின் ஓரங்கள் மட்டும் யார் யாரோ பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்தன. அதைக் கையில் வாங்கிய அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

முதல் நாள் சுடுதளத்தில் மேகசினில் எட்டு தோட்டாக்களைப் போட்டு, மூன்றைச் சுட்டேன். நான்காவது தோட்டா சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், ஏறியிருந்தது, அடிக்கும் சுத்தியான ஹேமர் தூக்கி நின்றது. சரி, கொஞ்சம் நிறுத்தலாம் என்று சேஃப்டி லீவரைக் கீழே தள்ளினேன். இந்த மாடலில் லீவரைத் தள்ளினால் ஹேமர் தானாக விழும். ஆனால் அதற்கு முன்பே ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசி) பூட்டிக்கொள்ளும் என்பதால் தோட்டா வெடிக்காது. இந்த அமைப்பைப் பற்றி எனக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்திருந்தார்கள்.

தள்ளினேன். வெடித்தது.

என் விரல் ட்ரிகருக்குப் பக்கத்தில்கூட இல்லை. குண்டு எதிரே இருந்த மணல்மேட்டில் போய்ச் செருகியது. குழல் மணல்மேட்டைப் பார்த்திருந்தது என்பதைத் தவிர, அன்று யாருக்கும் ஒன்றும் ஆகாததற்கு வேறு காரணம் கிடையாது. அடுத்த தடத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் காதுமூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் ஒரு பழைய ஆர்மரரிடம் (ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிறவர்) எடுத்துக்கொண்டு போனேன். அவர் மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தார். ஃபயரிங் பின்னை எடுத்து, பூட்டு மாட்ட வேண்டிய வெட்டின் விளிம்பில் என் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் மாட்டியிருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனது. "இது ராணுவத்துலயே இருந்திருந்தா, இந்த பின்னை எப்பவோ தூக்கிப் போட்டிருப்பாங்க" என்றார். குறை சொல்லும் தொனியே அவரிடம் இல்லை.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது அவர் சொன்ன அந்த ஒரு வரிதான். ராணுவம் துப்பாக்கியை மட்டும் வைத்திருக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு ஆர்மரர் இருந்தார். எத்தனை தோட்டா சுட்டது, எந்த ஸ்பிரிங்கை எப்போது மாற்றியது என்று கணக்கு வைத்தார்கள். பெட்டி பெட்டியாக உதிரிபாகங்கள் இருந்தன. துப்பாக்கியை எந்த நிலையில் இடுப்பில் வைக்க வேண்டும் என்று நிலையாணை இருந்தது. வேலை முடிந்தால் கிடங்கில் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த "நம்பகமான" துப்பாக்கி. நம் கைக்கு வருவது இரும்பு மட்டும்.

இப்படிச் சொல்வதால் இவற்றில் நல்லதே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்லது நிறைய இருக்கிறது. இல்லாவிட்டால் நான் என்றைக்கோ விற்றிருப்பேன்.

அமெரிக்க ராணுவத்தின் 1911 மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 1911 மார்ச்சில் நடந்த இறுதிச் சோதனையில் ஒரே துப்பாக்கியில் 6,000 தோட்டாக்களைச் சுட்டார்கள். கை வைக்க முடியாதபடி சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். போட்டிக்கு வந்த சாவேஜ் துப்பாக்கி பலமுறை திணறியது. கோல்ட் நிறுவனம் செய்துகொடுத்த பிரவுனிங் துப்பாக்கி ஒருமுறைகூடத் திணறவில்லை. தனி ஆள் ஒருவர் இப்படிச் சோதித்துப் பார்த்து ஒரு பொருளை வாங்க முடியுமா? இன்னொருவர் செலவில் நமக்குக் கிடைக்கும் சோதனை இது. பெரிய லாபம்தான், மறுக்கவில்லை.

அதே துப்பாக்கியில் கட்டைவிரலால் இயக்கும் சேஃப்டி குதிரைப்படை கேட்டதால் வந்தது. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் துப்பாக்கி. குதிரை மிரண்டால் ஹேமரை மெல்ல இறக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. குதிரைப்படை போய்விட்டது, அந்த லீவர் இன்னும் அங்கேயே இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் இன்னொரு அழகு தெரியும். ஒரு பாகத்தைக் கழற்ற அதன் இன்னொரு பாகமே கருவி. தனியாக ஸ்குரூ டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை. சேற்றில் உட்கார்ந்து பிரிக்கப் போகும் சிப்பாயை மனதில் வைத்துச் செய்தது அது.

கிட்டத்தட்ட எல்லா ராணுவத் துப்பாக்கிகளிலும் இந்தக் குணம் இருக்கிறது. பாகங்கள் குறைவு, பெரியவை, பிரிப்பது சுலபம். சோவியத் மக்கரோவ் கைத்துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். லட்சக்கணக்கில் செய்ததால் மேகசினும் ஸ்பிரிங்கும் பத்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் கிடைக்கின்றன. ராணுவக் கையேடுகள் படம் போட்டு, ஒன்றும் தெரியாத பத்தொன்பது வயதுப் பையனுக்குப் புரியும்படி எழுதப்பட்டவை. அவற்றைப் போலத் தெளிவாக எந்தக் கம்பெனிக் கையேடும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. அப்புறம் எடை. 1911 வெறுமையாகவே ஏறத்தாழ 1.1 கிலோ. இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிய அது சுமைதான், ஆனால் சுடுதளத்தில் அதே எடைதான் உதைப்பை விழுங்குகிறது.

வரலாற்று ஆசையையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். போலந்தின் விஸ் துப்பாக்கி ராடோம் நகரத் தொழிற்சாலையில் செய்தது. 1939-ல் ஜெர்மானியர்கள் தொழிற்சாலையைப் பிடித்தபின் அங்கேயே உற்பத்தியைத் தொடர்ந்தார்கள், ஆனால் குழலை மட்டும் அங்கே செய்ய விடவில்லை. ஆஸ்திரியாவில் செய்தார்கள். முழுத் துப்பாக்கியும் ஒரே இடத்தில் உருவானால் தொழிலாளிகள் பாகம் பாகமாகக் கடத்தி எதிர்ப்புப் படைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். அப்படியும் கடத்தினார்கள். 1942-ல் அதற்காக ஜெர்மானியர்கள் ஆட்களை ஊர் பார்க்கத் தூக்கிலிட்டார்கள். அந்தத் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுக்கும்போது இது எல்லாம் தெரிந்த ஒருவனுக்கு வரும் கனத்தை எந்தத் தராசும் காட்டாது. என் பி38-க்கும் அப்படி ஒரு மறுபக்கம் உண்டு. வால்தர் நிறுவனம் போர்க்காலத்தில் வதைமுகாம் கைதிகளை வேலை வாங்கியது. அந்த அரக்கோடுகளைப் பார்க்கும்போது அதுவும் நினைவுக்கு வருகிறது. ஆசைக்கு வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

சரி, இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன்.

1911-ல் 6,000 தோட்டாவைத் திணறாமல் சுட்டது புதுத் துப்பாக்கி. 1945-க்குப் பிறகு அமெரிக்க ராணுவம் சாதாரணச் சிப்பாய்களுக்காக அந்த மாடலைப் புதிதாக வாங்கவே இல்லை. 1985-ல் இத்தாலிய பெரெட்டா கைத்துப்பாக்கி வரும்வரை, நாற்பது ஆண்டுகள், இருந்ததையே பிரித்து, தேய்ந்ததை எறிந்து, மாற்றிப் பூட்டி ஓட்டினார்கள். அந்த நாற்பது ஆண்டுகள் ஓடியதில் பாதிப் பெருமை பிரவுனிங்குக்கு, மீதி பெயர் தெரியாத ஆர்மரர்களுக்கு. அதே துப்பாக்கிகளில் ஒரு பகுதியை 2018 முதல் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமெரிக்கச் சுடுபயிற்சி அமைப்பின் மூலம் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். அப்போதும் "ராணுவத்தில் இருந்தது, எடுத்துக்கொள்" என்று விற்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து, நிலைமைக்குத் தக்கபடி சர்வீஸ், ஃபீல்டு, ரேக் என்று தரம் பிரித்து விற்றார்கள். விற்கிறவர்களே கண்ணைத் திறந்து பார்த்த பொருளை, வாங்குகிறவனைக் கண்ணை மூடச் சொல்வது என்ன நியாயம்?

ராணுவம் எதைத் தேர்ந்தெடுக்கிறது, ஏன் தேர்ந்தெடுக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ராணுவத்தில் கைத்துப்பாக்கி இரண்டாம்பட்ச ஆயுதம். பெரும்பாலான சிப்பாய்களுக்கு முதல் ஆயுதம் ரைஃபிள்தான். அதனால் கைத்துப்பாக்கியை வாங்கும்போது பார்ப்பது மொத்தச் செலவு, உதிரிபாகம், எல்லார் கைக்கும் ஒருவழியாகப் பொருந்துவது. 1984-ல் நடந்த அமெரிக்கச் சோதனையில் பெரெட்டாவும் சிக் சாவர் பி226-ம் இரண்டுமே தேறின. துப்பாக்கி விலையில் சிக் குறைவு. மேகசின், உதிரிபாகம் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கில் பெரெட்டா குறைவு. பெரெட்டா ஜெயித்தது. லட்சக்கணக்கில் வாங்கும் அரசாங்கத்துக்கு அது சரியான கணக்கு. ஒன்றே ஒன்று வாங்கும் நமக்கும் அந்த விடைக்கும் என்ன சம்பந்தம்?

வாங்கியபிறகும் தொல்லை வந்தது. சில ஆண்டுகளிலேயே சில பெரெட்டாக்களின் ஸ்லைடு சுடும்போதே உடைந்து, பின்பாதி சுட்டவர் முகத்தை நோக்கிப் பறந்தது. காயம்பட்டார்கள். ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் பறக்காதபடி ஹேமர் பின்னின் தலையைப் பெரிதாக்கி வடிவமைப்பையே திருத்தினார்கள். பிறகு இராக்கில் இன்னொன்று. மேகசின்களுக்குப் பூசிய சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சில் மாவு போன்ற நுண்மணல் ஒட்டிக்கொண்டு தோட்டா மேலே ஏறாமல் சிக்கியது. மேகசினை மாற்றினார்கள். ராணுவத்தில் இப்படி ஒரு குறை தெரிந்தால் எல்லாப் பிரிவுகளுக்கும் சுற்றறிக்கை போகும், பாகம் வரும், ஆர்மரர் மாற்றுவார். நம்மிடம் அதே துப்பாக்கி இருந்தால் அந்தச் சுற்றறிக்கை யார் வீட்டுக் கதவைத் தட்டும்?

இது பழைய துப்பாக்கிகளின் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் பி320-ஐ அடிப்படையாகக் கொண்ட எம்17-ஐத் தேர்ந்தெடுத்தது. அந்தச் செய்தி வந்த வாரமே "ராணுவத் துப்பாக்கி" என்று பி320-ஐத் தூக்கிப் பிடித்தவர்கள் எத்தனை பேர்! ராணுவச் சோதனையில் அது கீழே விழுந்தால் வெடிக்கும் குறை தெரிந்து, எடை குறைந்த ட்ரிகர் பாகங்களைப் போட்டுச் சரிசெய்தார்கள். பொதுமக்கள் கையில் இருந்த பி320, குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்பது பரவலாகத் தெரிந்து, நிறுவனம் இலவசத் திருத்தம் அறிவித்தது அந்த ஆண்டு ஆகஸ்டில். ராணுவம் வாங்கியதில் கையால் போடும் சேஃப்டி இருந்தது, கடையில் விற்ற பெரும்பாலானவற்றில் அது கிடையாது. பெயர் ஒன்றுதான். உள்ளே இருந்தது ஒன்றல்ல.

நான் மிகவும் பயப்படுவது இதைவிட வேறொரு விஷயத்துக்கு. சில துப்பாக்கிகளில் பாதுகாப்பு துப்பாக்கிக்குள்ளேயே இல்லை, நிலையாணைக்குள் இருந்தது. சோவியத் டோக்கரேவ் டிடி-33-ஐ எடுங்கள். தனி சேஃப்டி லீவர் கிடையாது. ஹேமரைப் பாதியில் நிறுத்தும் ஒரு வெட்டு மட்டும் உண்டு, அதை நம்பி சேம்பரில் தோட்டாவோடு இடுப்பில் சொருகுவது விஷப்பரீட்சை. அதை வைத்திருக்க ஒரே ஒழுங்கான வழி, சேம்பரைக் காலியாக வைப்பது. பின்னாளில் அமெரிக்காவுக்கு இறக்குமதியானபோது, சட்டம் கேட்டதற்காக வெளியே ஒரு சேஃப்டியைத் துளைபோட்டு ஒட்டவைத்தார்கள். ஜப்பானின் 94-ஆம் வகைத் துப்பாக்கியில் ட்ரிகரின் இழுப்பை உள்ளே கடத்தும் சியர் பட்டை இடப்பக்கம் வெளியே தெரியும்படி இருக்கிறது. அதை அழுத்தினால் ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கும். மேலே சொன்ன விஸ்ஸில் கட்டைவிரலுக்கு வாகாக, பார்த்தால் சேஃப்டி போலவே ஒரு லீவர் இருக்கும். அது சேஃப்டியே அல்ல, பிரிக்கும்போது ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் கொக்கி. 1911 பழகிய கை அதைத் தூக்கிவிட்டு "பூட்டியாச்சு" என்று நினைத்துக்கொள்ளும்.

பயிற்சி முகாமில் முதல் நாளே இதையெல்லாம் கத்திக் கத்திச் சொல்லியிருப்பார்கள். துப்பாக்கி நம்மிடம் வரும்போது அந்தக் கத்தல் கூடவே வருவதில்லை.

தற்காப்புக்கு என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1899-ல் ஹேக் மாநாட்டில், உடம்புக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தார்கள். அதனால் ராணுவத் துப்பாக்கிகள் முழு உறை போட்ட உருண்டை முனைக் குண்டுக்காகவே வளர்ந்தன. பழைய 1911-களில் வேறு வடிவ முனையைப் போட்டால் சேம்பருக்குள் ஏறாமல் மூக்கை மோதிக்கொண்டு நிற்கும். உருண்டை முனையைப் போட்டாலோ, அது இலக்கோடு நிற்காமல் சுவரையும் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். போர்க்களத்தில் அது ஒரு பொருட்டல்ல. அடுத்த அறையில் பிள்ளைகள் தூங்கும் வீட்டில் அது எப்படிப் பொருட்டாகாமல் போகும்? இதற்கு மேல் இந்தப் பேச்சை நீட்ட எனக்கு விருப்பமில்லை. தற்காப்பு வேண்டுமா, துப்பாக்கிதான் அதற்கு வழியா என்பதெல்லாம் வேறு மடலுக்கான விஷயம்.

சின்னத் தொல்லைகளும் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை. பிரவுனிங் ஹை-பவரை நண்பர் ஒருவர் சுடக் கொடுத்தார். 1935-ல் வந்த மாடல், மேகசினில் பதின்மூன்று தோட்டா, கையில் உட்காரும் அழகே தனி. இரண்டாவது மேகசின் முடிந்தபோது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் இரண்டு ரத்தப் பொட்டுகள். ஸ்லைடு பின்னால் வரும் ஒவ்வொரு முறையும் ஹேமர் அந்தச் சதையை நறுக்கென்று கடித்திருக்கிறது. கொஞ்சம் சதைப்பிடிப்பான கை என்னுடையது. ட்ரிகரும் கனம். மேகசினைக் கழற்றினால் சுட முடியாதபடி உள்ளே ஒரு பாகம் இருக்கிறது, அது மேகசினில் உரசிக்கொண்டே நகர்வதால் இழுவை மணலில் தேய்ப்பது போல இருக்கும். பிரெஞ்சு ராணுவம் கேட்டதற்காக வைத்த பாகம். கடைசியில் பிரெஞ்சு ராணுவம் அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவே இல்லை என்பது தனி வேடிக்கை.

உபரித் தோட்டா மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொள்கிறவர்கள் அதன் பிரைமரை, அதாவது தோட்டாவின் அடியில் பொறி தட்டும் மருந்தைப் பார்க்க வேண்டும். பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் குழலுக்குள் உப்பாகப் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, அப்புறம்தான் எண்ணெய். ராணுவத்தில் சுட்ட அன்றே நிற்கவைத்துக் கழுவச் சொல்வார்கள். நாம் களைத்துப்போய் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று பையில் போட்டுவிடுவோம். ஒரு வாரம் கழித்துக் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் செம்பழுப்பில் பூத்திருக்கும்.

சேகரிப்புக்காக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கியின் சிறு சிறு பாகங்களில்கூட வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் பொறித்திருக்கும். எல்லா எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு மதிப்பு, ஒன்று மாறினாலும் வேறு மதிப்பு. நூறு வயதுப் பாகத்தைச் சுட்டு உடைத்துவிட்டால் அந்த மதிப்பு அன்றோடு போச்சு. ஆகவே, சுட்டால் பயம், சுடாவிட்டால் ஏக்கம். சோவியத் படை கைப்பற்றிய பி38-கள் பல, பிரித்துக் கலந்து பூட்டி, மேலே புதுச்சாயம் ஏற்றி வெளியே வந்தவை. வெளியே பளபளப்பு, உள்ளே நான்கு துப்பாக்கிகளின் பாகம். சட்டத்தைப் பற்றி ஒரே வரி. ராணுவம் பயன்படுத்தும் அளவு என்பதற்காகவே 9 மில்லிமீட்டர் பாராபெல்லம் தோட்டாவைப் பொதுமக்களுக்கு இத்தாலி நெடுங்காலம் தடுத்திருந்தது, மெக்சிகோவும் அதே வழி. வாங்கும் முன் உங்கள் சட்டத்தைப் படியுங்கள், விற்கிறவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

இனி, நாம் சுடுதளத்தில் பேசவே பேசாத ஒன்று.

துப்பாக்கியைக் கொண்டுவந்த அன்று என் மனைவி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சாவி எங்க இருக்கும்?" நான் மாடலின் வரலாற்றைச் சொல்ல வாயெடுத்தேன். மறுபடியும் அதையே கேட்டாள்.

அவள் கேட்டது எவ்வளவு சரி என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2006-ல் இஸ்ரேல் ராணுவம் ஒரு விதியை மாற்றியது. வார இறுதி விடுப்பில் வீட்டுக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான். சிப்பாய்களின் தற்கொலைகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. குறைந்தது வார இறுதியில்தான், வேலை நாட்களில் பெரிதாக மாறவில்லை. சுவிட்சர்லாந்தில் 2003-ல் ராணுவத்தின் அளவை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தார்கள். அங்கே சேவைத் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கும் வழக்கம் உண்டு, சேவை முடிந்தபின் சொந்தமாக்கிக்கொள்ளவும் வழி உண்டு. ஆள் குறைந்ததும் வீடுகளில் இருந்த ராணுவத் துப்பாக்கிகளும் குறைந்தன. ராணுவ வயது ஆண்களின் தற்கொலையும் குறைந்தது. வேறு வழிக்குப் போனவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான்.

இவர்கள் பயிற்சி பெற்றவர்கள். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள். பயிற்சி அவர்களை ஒரு கெட்ட ராத்திரியிலிருந்து காப்பாற்றவில்லை. துப்பாக்கி வேறு இடத்தில் இருந்ததுதான் காப்பாற்றியது. நம் சங்கங்களில் பிடி, மூச்சு, குறி என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கிறார்களா, அப்படி ஒரு காலத்தில் துப்பாக்கியைக் கொஞ்ச நாள் சங்கத்துப் பெட்டகத்தில் வைக்கலாமா என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தை முதலில் உடைக்க வேண்டியவர்கள் வயதில் மூத்த நீங்கள்தான். நாங்கள் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு ஆர்மரரை வரவழையுங்கள். பழைய ராணுவத் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லாரும் அன்று கொண்டுவரட்டும். சேஃப்டி பிடிக்கிறதா, பின் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று அவர் பார்த்து ஒரு சீட்டு எழுதட்டும். சீட்டு இல்லாத பழைய துப்பாக்கியை நம் தளத்தில் சுட விடாதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான். பழைய மாடலைப் புதிதாக வாங்கியவர் முதல்முறை வரும்போது மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுத் தொடங்கட்டும், சேஃப்டியைக் காலிச் சேம்பரில் பென்சில் வைத்துச் சோதிக்கக் கற்றுக்கொடுங்கள். குழலுக்குள் விட்ட பென்சில், சேஃப்டி போட்டு ஹேமர் விழும்போது துள்ளக் கூடாது. இரண்டு நிமிட வேலை. அதை எனக்கு அன்று யாராவது சொல்லித்தந்திருந்தால் இந்த மடலே எழுதியிருக்க மாட்டேன். வீட்டில் வைக்க மனமில்லாதவர்களுக்கும், வைக்கக் கூடாத நேரத்தில் இருப்பவர்களுக்கும், காரணம் கேட்காமல் பெட்டகத்தில் இடம் கொடுங்கள்.

அப்புறம் அந்த வாக்கியம். பட்டாளத்தில் ஓடிய துப்பாக்கிதான், உண்மை. யார் ஓட்டினார்கள், கடைசியாக யார் பிரித்துப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். வாங்க வந்தவன் அப்போதும் வாங்குவான், எனக்குத் தெரியும். நானும் வாங்கியிருப்பேன். ஆனால் லீவரைத் தள்ளும் முன் ஒரு நொடி நின்றிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினன் ஒருவன்

பி.கு.: பி38-க்குப் புது ஃபயரிங் பின் போட்டாயிற்று. பென்சில் துள்ளவில்லை. பழைய பின்னை ஆர்மரர் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். ஆர்மரர் வரும் நாளில் அதையும் எடுத்துவருகிறேன், புதியவர்கள் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கட்டும்.